மழை, மண், நீர்த்தேக்கம்: பருவநிலை மாற்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பருவநிலை மாற்றத்துக்கும் மண்ணரிப்புக்கும் என்ன தொடர்பு?

காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். இந்தக் கூடுதல் ஈரம் ஆண்டு முழுவதும் சீராகப் பெய்து தீர்வதில்லை. ஏற்கெனவே கனமாகப் பெய்யக்கூடிய மழையை அது மேலும் கனமாக்குகிறது. மழைகளுக்கு இடைப்பட்ட வறண்ட நாள்களையும் பல இடங்களில் நீட்டிக்கிறது. ஆண்டின் மொத்த மழையளவு மாறாமலேயே மண்ணிழப்பு பெருகுவதற்கு இதுவே காரணம்.

வெப்பமண்டல ஆப்பிரிக்காவில் மண்ணரிப்பை அளந்தவர்கள், மணிக்கு 25 மில்லிமீட்டருக்கும் குறைந்த வேகத்தில் பெய்யும் மழையால் சொல்லிக்கொள்ளும்படியான அரிப்பு ஏற்படுவதில்லை என்று கண்டனர். அந்த எல்லையைத் தாண்டிய மழையே மண்ணைக் கொண்டுபோகிறது. ஆண்டில் பெய்யும் மழையில் எவ்வளவு பங்கு அந்த எல்லைக்கு மேலே விழுகிறது என்பதுதான் இங்கே கேட்கவேண்டிய கேள்வி. பருவநிலை மாற்றம் உயர்த்துவது அந்தப் பங்கைத்தான்.

மழைத்துளியால் மண்ணைப் பெயர்க்க முடியுமா? ஓடும் நீர்தானே அரிக்கிறது?

இரண்டும் அரிக்கின்றன, ஆனால் தொடங்கி வைப்பது துளிதான். 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெரிய துளி நொடிக்கு சுமார் 9 மீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறது. மூடப்படாத மண்ணில் அது விழும்போது மண்கட்டி உடைந்து நுண்துகள்கள் நாலாபுறமும் தெறிக்கின்றன. தெறித்த களித்துகள்கள் மண்ணின் மேற்பரப்பிலுள்ள நுண்துளைகளை அடைத்துக்கொள்வதால் நீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடத் தொடங்குகிறது. முதலில் மெல்லிய படலமாக ஓடும் நீர், சரிவில் சிறு சிறு ஓடைக்கோடுகளாகத் திரண்டு, கவனிப்பாரின்றி விட்டால் ஆளிறங்கும் அளவுக்குப் பள்ளங்களைத் தோண்டிவிடும்.

மரம் இருந்தால் மண் தப்பித்துவிடும் என்பது பாதி உண்மையே. உயரமான மரத்தின் இலைநுனியில் திரண்டு சொட்டும் துளி, நேரடியாக விழும் மழைத்துளியைவிடப் பெரியதாக இருக்கும். எட்டு, ஒன்பது மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் ஏறக்குறைய அதன் முழு வேகத்தையும் மீண்டும் எட்டிவிடும். காட்டில் மண்ணைக் காப்பது மரத்தின் முடியைவிட அதன் கீழே கிடக்கும் சருகும், புதரும், வேர்ப்பின்னலுமே. சிங்கப்பூர் வீட்டுப்பேட்டைகளின் புல்சரிவுகளில் சருகு ஒன்றுவிடாமல் பெருக்கி அள்ளுவதை நாம் தூய்மை என்று பாராட்டிப் பழகிவிட்டோம். சரிவான இடங்களிலாவது அந்தப் பழக்கத்தை மறுபரிசீலனை செய்யலாம் என்பது என் கருத்து.

சிங்கப்பூர் முழுவதும் கான்கிரீட் ஆயிற்றே. இங்கே அரிப்பதற்கு மண் எங்கே இருக்கிறது?

நகரமாகிவிட்ட நிலத்தில், எந்த நேரத்தில் பார்த்தாலும், ஒரு சிறு பகுதி தோண்டப்பட்டுத் திறந்து கிடக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புதிய பேட்டைகள், எம்ஆர்டி ரயில் தடங்கள், சாலை விரிவாக்கம், வடிகால் பணிகள் என்று அந்தப் பகுதி இடம் மாறிக்கொண்டே இருந்தாலும் மறைவதில்லை. தாவரப் போர்வை நீக்கப்பட்ட கட்டுமானத் தளத்தில் ஒரு ஹெக்டருக்கு ஏற்படும் மண்ணிழப்பு, காட்டில் ஏற்படுவதைப்போல் பல நூறு மடங்குகூட ஆகலாம்.

நம் மண்ணும் எளிதில் கரையக்கூடியது. தீவின் நடுப்பகுதியில் புக்கிட் தீமா கருங்கல் வெப்பத்திலும் மழையிலும் ஆழமாகச் சிதைந்து செம்மண்ணாகியிருக்கிறது. மேற்கில் ஜூரோங் பாறையடுக்கின் மணற்கல்லும் களிக்கல்லும், கிழக்கில் பழைய வண்டல் படுகையும் உள்ளன. புல் மூடியிருக்கும்வரை இவை உறுதியாக நிற்கும். மூடியை எடுத்துவிட்டால் ஒரே பிற்பகல் மழையில் கரைந்து ஓடும்.

ஓடுவதற்குத் தடையும் குறைவு. ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் நீளமுள்ள வடிகால்களும் கால்வாய்களும் ஆறுகளும் நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து மழைநீரைத் திரட்டி 17 நீர்த்தேக்கங்களுக்குக் கொண்டுசேர்க்கின்றன. வழவழப்பான கான்கிரீட் கால்வாயில் கரை அரிக்காது என்பது உண்மை. ஆனால் இயற்கையான ஓடையில் வழியிலேயே தங்கிவிடக்கூடிய மண்ணும் கான்கிரீட் கால்வாயில் தங்காமல் நேராக நீர்த்தேக்கத்துக்குப் போய்விடுகிறது.

இந்தத் தீவு முன்பு இதைவிடப் பசுமையாக இருந்ததா?

ஒரு காலத்தில் இருந்தது, பிறகு இல்லை. 19ஆம் நூற்றாண்டில் காம்பியர் (தோல் பதனிட உதவும் சாறு தரும் செடி), மிளகுத் தோட்டங்களுக்காகக் காடு பெருமளவில் அழிக்கப்பட்டது. காம்பியர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும் என்பதால், பயிரிட்ட நிலத்தோடு அதைச் சுற்றியிருந்த காடும் போயிற்று. பதினைந்து ஆண்டு வாக்கில் மண் சத்திழந்ததும் தோட்டக்காரர்கள் அந்த இடத்தை விட்டு அடுத்த காட்டுக்கு நகர்ந்தனர். கைவிட்ட நிலத்தில் லாலாங் புல் மண்டியது. தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த நதானியல் கேன்ட்லி 1883இல் காடுகளைப் பற்றி அளித்த அறிக்கையில், தீவில் எஞ்சிய காடு ஏழு விழுக்காடு அளவுக்கே இருந்ததாகக் கணக்கிட்டார். வனக் காப்பகங்கள் அதன் பிறகே வந்தன.

இன்று மெக்ரிச்சி, பியர்ஸ், அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்திருக்கும் காட்டின் பெரும்பகுதி அவ்வாறு வெட்டப்பட்டு மீண்டும் வளர்ந்ததுதான். ஆகவே பருவநிலை மாறத் தொடங்குவதற்கு முன்பே மனிதர் கையால் இங்கே மேல்மண் பறிபோயிருக்கிறது. வெப்பமயமாதலைப் பேசும்போது நிலப்பயன்பாட்டை மறந்துவிடக்கூடாது என்பதற்கு இதைவிட அருகிலுள்ள சான்று தேவையில்லை.

சிங்கப்பூரின் மழை உண்மையிலேயே மாறிவருகிறதா?

1991 முதல் 2020 வரையிலான சராசரியின்படி சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மழை பெய்கிறது. வடகிழக்குப் பருவமழை, பருவமழைகளுக்கு இடைப்பட்ட மாதங்களின் பிற்பகல் இடிமழை, விடியலுக்கு முன் மேற்கிலிருந்து வீசிவரும் சுமத்ரா சூறைக்காற்று என்று அதன் வடிவங்கள் பல. கனமழை நமக்குப் புதிதன்று: 1978 டிசம்பர் 2ஆம் தேதி பாய லேபாரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் பதிவாகியிருக்கிறது. 2021 ஏப்ரல் 17ஆம் தேதி மேற்குப் பகுதியில் மூன்றே மணி நேரத்தில் 170.6 மில்லிமீட்டர் கொட்டியது. அரிப்பைப் பொறுத்தவரை, நாள் முழுவதும் பரவும் மழையைவிட இப்படி மூன்று மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழையே அஞ்சத்தக்கது.

2024 ஜனவரியில் வெளியான மூன்றாவது தேசியப் பருவநிலை மாற்ற ஆய்வு, உலகம் எவ்வளவு கரிமத்தை வெளியிடுகிறது என்பதைப் பொறுத்து, நூற்றாண்டு இறுதிக்குள் சிங்கப்பூரின் சராசரி வெப்பநிலை 0.6 முதல் 5 டிகிரி செல்சியஸ் வரை உயரக்கூடும் என்றது. ஈரமான மாதங்கள் மேலும் ஈரமாகவும் வறண்ட மாதங்கள் மேலும் வறண்டும் போகும் என்பதும், மிகக் கனமான மழை இன்னும் கனமாகும் என்பதும் அதன் முக்கியமான முடிவுகள். மண்ணரிப்பைப் பற்றிக் கவலைப்படுவோருக்கு இதில் மிகவும் வேண்டாத சேர்க்கை, வறட்சியை அடுத்து வரும் கனமழைதான்.

வறட்சி எப்படி அரிப்பைக் கூட்டும்? மழையே இல்லையென்றால் மண் அரிக்காதே?

வறட்சியின்போது அரிக்காது, முடிந்த பிறகு வட்டியோடு அரிக்கும். 2014இல் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள்கள் தொடர்ந்து மழையின்றிப் போயின. திடல்களெல்லாம் பழுப்பாகிப் புல் கருகிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புல் கருகினால் மண்ணின் போர்வை மெலிகிறது. களிமண் சுருங்கி வெடிக்கிறது. அடுத்துப் பெய்யும் மழைநீர் அந்த வெடிப்புகளின் வழியே சரிவின் ஆழத்துக்கு இறங்குகிறது.

நம்முடைய சரிவுகள் பல நிற்பதே ஒருவகை இழுவிசையால்தான். முழுதும் நனையாத மண்ணின் துகள்களுக்கிடையே உள்ள ஈரம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்திருக்கும்; மண் முழுக்க நனைந்ததும் அந்தப் பிடி தளர்ந்து சரிவு பெயர்கிறது. புக்கிட் தீமா இயற்கைவனக் காப்பகம் 2014 முதல் 2016 வரை மூடப்பட்டுச் சரிவுகளும் நடைபாதைகளும் வலுப்படுத்தப்பட்டதை இந்தப் பின்னணியில் புரிந்துகொள்ள வேண்டும்.

வறட்சியில் நீர்த்தேக்கத்தின் மட்டம் இறங்குவதும் ஒரு சிக்கல். சிங்கப்பூரும் நீரெடுக்கும் மலேசியாவின் ஜோகூர் ஆற்றுக்கு நீர்விடும் லிங்கியு நீர்த்தேக்கம் 2016 அக்டோபரில் கொள்ளளவின் 20 விழுக்காடு அளவுக்குச் சரிந்தது. மட்டம் இறங்கும்போது எந்த நீர்த்தேக்கத்திலும் பழைய வண்டல் படிந்த கரைகள் வெளியே தெரியும். அவற்றின்மேல் புல் முளைப்பதற்குள் கனமழை பெய்தால் அந்த வண்டல் கரைந்து இன்னும் ஆழமான பகுதிக்குப் போய்ச் சேரும்.

அரித்துவரும் மண் நீர்த்தேக்கத்தில் என்ன ஆகிறது?

துகளின் பருமனைப் பொறுத்தது. நீரோட்டம் நீர்த்தேக்கத்துக்குள் நுழைந்து வேகம் குறைந்ததும் மணல் உடனே அடியில் தங்கிவிடும். ஒரு மீட்டர் ஆழத்தைக் கடக்க அதற்கு ஒரு நிமிடம்கூட வேண்டியதில்லை. களித்துகளோ ஒரு மில்லிமீட்டரில் 500இல் ஒரு பங்குக்கும் சிறியது. அசைவற்ற நீரிலேயே ஒரு மீட்டர் இறங்க ஏறத்தாழ மூன்று நாள்கள் ஆகும். காற்றும் அலையும் கிளறிக்கொண்டிருந்தால் அதற்கு மேலும் நீளும். எனவே முகத்துவாரத்தில் மணல்திட்டும், அணைக்கு அருகே நுண்ணிய சேறுமாக வண்டல் பிரிந்து படிகிறது.

மழைகளுக்கு இடைவெளி இருந்தால் கலங்கல் தெளியும். அடுத்தடுத்துக் கனமழை வந்தால், முந்தைய கலங்கல் தெளிவதற்குள் புதியது வந்து சேர்ந்து, நீர் வாரக்கணக்கில் கலங்கியே இருக்கும். சூரிய ஒளி புகாத நீரில் நீர்த்தாவரங்கள் வாடுகின்றன. மீன்முட்டைகளின் மேல் சேறு மூடுகிறது. சுத்திகரிப்பு ஆலையில் கூடுதல் ரசாயனம் தேவைப்படுகிறது.

கொள்ளளவு குறைவதுதானே பெரிய ஆபத்து?

உலக அளவில் ஆம். ஐக்கிய நாட்டுப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஆய்வில் சேர்க்கப்பட்ட சுமார் 47,000 பெரிய அணைகள் 2050க்குள் தங்கள் தொடக்கக் கொள்ளளவில் ஏறத்தாழ 26 விழுக்காட்டை வண்டலுக்கு இழந்துவிடும். சிங்கப்பூரின் நீர்ப்பிடிப்புப் பகுதிகள் சிறியவை. செங்குத்தான மலைகளும் இல்லை. ஆகவே இங்கே கொள்ளளவைவிட நீரின் தரத்தைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுவேன்.

காரணம் பாஸ்பரஸ். உரம், செடிகொடிகளின் மக்கு, கழிவு ஆகியவற்றிலிருந்து வரும் பாஸ்பரஸ் களித்துகளோடு ஒட்டிக்கொண்டு நீர்த்தேக்கத்தின் அடிக்குப் போகிறது. அடிநீரில் உயிர்வாயு இருக்கும்வரை அது சேற்றில் அடங்கிக் கிடக்கும். வெப்பநிலை உயரும்போது மேல்நீர் சூடாகி இலேசாகிறது. குளிர்ந்து கனத்த அடிநீரோடு அது கலப்பதில்லை. கலக்காத அடிநீரில் உயிர்வாயு தீர்ந்ததும், சேற்றிலுள்ள இரும்புச் சேர்மங்கள் கரைந்து, அவை பிடித்து வைத்திருந்த பாஸ்பரஸை விடுவிக்கின்றன. ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த பழைய சேறு, புதிதாக எந்த மாசும் வராத நாளிலும் நீலப்பச்சைப் பாசிக்குத் தீனி போடத் தொடங்குவது இப்படித்தான். கிராஞ்சி நீர்த்தேக்கத்தில் இத்தகைய பாசிப்பெருக்கம் ஆய்வாளர்களுக்கு நன்கு தெரிந்த ஒன்று. நீர்த்தேக்கங்களில் காற்றூட்டும் கருவிகள் வைக்கப்படுவதன் நோக்கம், அடிநீரை மேல்நீரோடு கலந்து உயிர்வாயுவை உள்ளே செலுத்துவதே.

மண்ணரிப்பும் வெப்பமும் தனித்தனியே வந்தால் ஓரளவு சமாளிக்கலாம். ஒன்று சேற்றைக் கொண்டுவர, மற்றொன்று அந்தச் சேற்றிலிருந்து சத்தைக் கறந்து வெளியே விடும்போதுதான் நிலைமை கையை மீறுகிறது.

தூர்வாரினால் தீராதா? ஊரில் கண்மாய்களை அப்படித்தானே காத்தார்கள்?

தமிழ்நாட்டில் கோடையில் வற்றிய கண்மாயில் இறங்கி வண்டலை அள்ளி வயலுக்கு அடித்தார்கள். சத்துள்ள மண் வயலுக்குத் திரும்பியது, கண்மாயும் ஆழமாயிற்று. அந்த முறை கண்மாய் ஆண்டுதோறும் வற்றுவதை நம்பியிருந்தது. குடிநீருக்கான நீர்த்தேக்கத்தை அப்படி வற்றவிட முடியாது. நீருக்கடியில் தூர்வாரினால் அடங்கிக் கிடந்த சேறு கலங்கி, பாஸ்பரஸும் வாகன எண்ணெய், சாயம் போன்றவற்றின் மாசும் மீண்டும் நீரில் சேரக்கூடும். நகரத்து வண்டலில் கன உலோகங்களும் கலந்திருப்பதால் அதைத் தோட்டத்துக்கு உரமாகவும் போட முடியாது. எங்கே கொட்டுவது என்பதே தனிப் பிரச்சினை. தூர்வாருவது சில வேளைகளில் தவிர்க்க முடியாததுதான். ஆனால் மண் புறப்படும் இடத்திலேயே அதைத் தடுப்பதற்கு ஆகும் செலவு இதைவிட மிகக் குறைவு.

அக்கம்பக்கத்து நாடுகளில் என்ன நடந்தது?

தைவானின் ஷிமென் நீர்த்தேக்கத்தைச் சொல்லலாம். 2004 ஆகஸ்டில் ஏரே சூறாவளி அந்த நீர்த்தேக்கத்துக்குள் இரண்டரைக் கோடி கனமீட்டருக்கும் மேற்பட்ட வண்டலைக் கொண்டுவந்து கொட்டியது. நீர்த்தேக்கம் நிறைந்திருந்தும், கலங்கலைச் சுத்திகரிக்க இயலாமல் தாவ்யுவான் வட்டாரத்துக்குப் பல நாள்கள் குடிநீர் நின்றுபோயிற்று.

நமக்கு இன்னும் பழக்கமான இடம் மலேசியாவின் கேமரன் மலை. அங்கே ரிங்லெட் நீர்த்தேக்கம் 1960களில் மின்னுற்பத்திக்காகக் கட்டப்பட்டது. சரிவுகளில் பெருகிய காய்கறித் தோட்டங்களிலிருந்து இறங்கிய மண் அதன் கொள்ளளவில் ஏறக்குறைய பாதியை விழுங்கியது. 2013 அக்டோபரில் கனமழையின்போது அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட, கீழே பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. வண்டல் அடைத்துக்கொண்ட நீர்த்தேக்கத்தில் திடீர் வெள்ளத்தை வாங்கிக்கொள்ள இடமிருப்பதில்லை. அங்கே மழை கூடியது ஒரு பங்கு என்றால், சரிவைத் திறந்துபோட்டது பெரும்பங்கு.

கட்டுமானத் தளங்கள் என்ன செய்யவேண்டும்?

மழைநீர் வடிகாலில் விடப்படும் நீரில் மிதக்கும் துகள்கள் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இங்குள்ள விதி. மண்ணரிப்புக் கட்டுப்பாட்டில் தகுதிபெற்ற நிபுணர் ஒருவர் திட்டம் வகுத்து, அதை நீர்வளத்துக்குப் பொறுப்பான பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் சமர்ப்பித்த பிறகே மண்வேலை தொடங்க வேண்டும். வெட்டிய சரிவை மூடுவது, தளத்தைச் சுற்றி வடிகால் வெட்டுவது, வேலி கட்டி வண்டலைத் தடுப்பது, கலங்கிய நீரைத் தொட்டியில் தேக்கி ரசாயனம் சேர்த்துத் தெளியவிடுவது ஆகியவை அதில் அடங்கும். வடிகால்களில் கண்காணிப்புக் கேமராக்களும் பொருத்தப்படுகின்றன.

இவற்றுள் மூடுவதே முதன்மையானது. தெளியவிடும் தொட்டி ஒரு குறிப்பிட்ட மழையளவைக் கணக்கிட்டுக் கட்டப்படுகிறது. அதைத் தாண்டிப் பெய்தால் தொட்டி நிரம்பி வழியும். மழையின் உச்சம் உயர்ந்துகொண்டே போகும் காலத்தில் தொட்டியை மட்டும் நம்புவது தோற்கும் பந்தயம். தார்ப்பாயோ தென்னைநார் விரிப்போ போட்டு மூடிய சரிவிலிருந்து மண் புறப்படுவதே இல்லை. மழை இருமடங்கானாலும் அது பெரும்பாலும் தாங்கும். மேகம் கறுத்ததும் தார்ப்பாயை இழுத்துக் கட்ட ஓடும் ஊழியர்களின் வேலை, நிர்வாகக் கூட்டங்களில் அதிகம் பேசப்படாவிட்டாலும், நீர்த்தேக்கத்துக்கு முதல் காவல் அதுவே. ஒரே நேரத்தில் தளம் முழுவதையும் திறக்காமல் பகுதி பகுதியாகத் திறப்பதும் அதே வகையைச் சேர்ந்தது. அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை, வேலைத்திட்டத்தில் கொஞ்சம் பொறுமை போதும்.

மண்ணிழப்பை முன்கூட்டியே கணக்கிட முடியுமா?

ஓரளவு முடியும். அமெரிக்காவின் வால்டர் விஷ்மெயரும் டுவைட் ஸ்மித்தும் 1965இல் வெளியிட்டு 1978இல் திருத்திய சமன்பாடு இன்றும் பயன்படுகிறது. மழையின் அரிக்கும் வலிமை, மண்ணின் தன்மை, சரிவின் நீளம், அதன் செங்குத்து, தாவரப் போர்வை, காப்புமுறை ஆகியவற்றைப் பெருக்கி ஆண்டின் சராசரி இழப்பை அது தருகிறது. பருவநிலை மாற்றம் முதல் காரணியை நேரடியாக உயர்த்துகிறது. வறட்சியின் வழியே போர்வையையும் மெலிதாக்குகிறது. இரண்டும் பெருக்கலில் வருவதால் விளைவும் பெருகியே வரும். ஆனால் அந்தச் சமன்பாடு அமெரிக்க வயல்களில் பிறந்தது. ஒரே ஒரு மழையின் இழப்பைச் சொல்வதற்கோ நிலச்சரிவைக் கணிப்பதற்கோ அது உருவாக்கப்படவில்லை.

பீஷான் பூங்காவில் கான்கிரீட்டை எடுத்துவிட்டார்களே, அதனால் மண்ணரிப்பு கூடாதா?

நியாயமான ஐயம். பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேராக ஓடிய காலாங் கால்வாய், 2012இல் 3.2 கிலோமீட்டர் நீளமுள்ள வளைந்தோடும் ஆறாக மாற்றப்பட்டது. கரைகளைப் பாறைகளும் செடிகளும் வேர்களும் சேர்ந்து பிடிக்கும்படி அமைத்தார்கள். எந்த முறை நிற்கும் என்பதை முன்னதாக ஒரு கிளை வடிகாலில் சோதித்தும் பார்த்தார்கள். நீர் பரந்து மெதுவாக ஓடுவதால் வண்டலின் ஒரு பகுதி புல்வெளியிலேயே தங்கிவிடுகிறது. கனமழைக்குப் பிறகு பூங்காவில் சேறு படிந்திருப்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்தச் சேறு அங்கே நிற்காவிட்டால் மரினா நீர்த்தேக்கத்துக்குத்தான் போயிருக்கும்.

கடல்மட்ட உயர்வுக்கும் இதில் பங்கு உண்டா?

உண்டு, ஆனால் மறைமுகமாக. மரினா அணைக்கட்டு 10,000 ஹெக்டர் நிலத்தின் மழைநீரை வாங்குகிறது. கடல் தாழ்ந்திருக்கும்போது அதன் ஒன்பது மதகுகளும் திறந்து உபரிநீரை வெளியேற்ற முடியும். கடல் உயர்ந்திருந்தால் ஏழு இறைப்பான்களே துணை. 2100க்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று கணிக்கப்பட்டுள்ளது. அவ்வாறு உயர்ந்தால் மதகுகளைத் திறக்கக்கூடிய நேரம் சுருங்கும். கலங்கிய வெள்ளநீர் உள்ளேயே அதிக நேரம் தங்கி மேலும் வண்டலை இறக்கும்.

மழைக்குப் பிறகு கால்வாயில் தேநீர் நிறத்தில் நீர் ஓடினால் கவலைப்பட வேண்டுமா?

கனமழை பெய்யும்போதும் அடுத்த ஓரிரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கலங்கல் இயல்பே. மழை விட்டு வெகுநேரம் ஆன பிறகும் ஒரே ஒரு கிளை வடிகாலிலிருந்து மட்டும் அடர்ந்த செந்நிற நீர் வந்துகொண்டிருந்தாலோ, மழையே இல்லாத நாளில் அப்படி வந்தாலோ, மேலே எங்கேயோ மூடப்படாத மண் இருக்கிறது என்று பொருள். இடம், நேரம், படம் மூன்றையும் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கு உடனே தெரிவியுங்கள். நேரம் கடந்தால் நீர் தெளிந்து தடயம் போய்விடும். கிளை வடிகால் கால்வாயோடு சேரும் இடத்தில், இரு நீரின் நிறமும் ஒரே சட்டத்துக்குள் தெரியும்படி படமெடுத்தால், மண் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியிராது.